சுவாமி வந்தாலும் எழும்ப விடாதை

துசாரா,

டொக்டர் எழுதின குளிசை இஞ்ச இல்லை. வாங்க யாழ்ப்பாணம் போறன், லோஞ்ச் படகு வெளிக்கிடப்போகுது. புட்டும் சொதியும் குசினியில மூடிக் கிடக்கு.

காலமை பங்குச் சுவாமி அப்பாவுக்கு நற்கருணை கொண்டு வருவார். அப்பாவைக் கதிரையால எழும்ப விடாதை. இந்த நடுக்க வருத்தம் இதயத்துக்குப் போற நரம்பையும் அழிக்குதாம். எழும்பேக்கை "கெதியா அடி" எண்டு மூளை சொல்லுறது இதயத்துக்குப் போய்ச் சேராதாம். பிரஷர் இறங்கி விழுந்திடுவார். நேற்றுத்தான் டொக்டர் சொன்னவர்.

போன ஞாயிறு பெரியமாமா வரேக்கை அப்பா எழும்பேல்லையெண்டு, "மரியாதை தெரியாதோ" எண்டு அவரை ஏசிப்போட்டன். பாவம், தலை சுத்தினதை அவர் சொல்லேல்லை. இன்னும் என்னோட கதையில்லை.

அம்மா

சுவாமியை வாசலிலேயே மறிச்சுச் சொல்லு. நான் ஏசினதுக்காகவே அப்பா இண்டைக்கு எழும்புவார்.