தலைக்குட்டைப் பள்ளம்

வால்தெசெரோ,
1958 ஜூலை 6

அன்புள்ள லியாந்த்ரோவுக்கு,

இங்கே நானும் கன்றும் சுகம். மேய்ச்சல் மலையில் நீங்களும் மாடுகளும் சுகமா? சுகமாகத்தான் இருப்பீர்கள். பாலாடைக்கட்டி இறக்க வந்த ரொசெந்தா எல்லாம் சொன்னாள். "ஒம் புருஷன் வாயத் தொறந்தா மூட மாட்டேங்கிறாருடி! பேரு எழுத வந்த பட்டணத்துப் பொண்ணு பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருக்கா!"

மத்தில்தெயாம் அவள் பெயர். மலையில் ஒவ்வோர் இடத்துக்கும் என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று எழுதிக்கொண்டு போகப் பல்கலைக்கழகம் அனுப்பியதாம். பனியில் சிக்கிய புருஷன்மாருக்காகப் பெண்கள் நின்று காத்திருந்த இடம், அதனால்தான் 'கொயாதோ தெ லா எஸ்பெரா', காத்திருப்புக் கணவாய் என்று அவளுக்கு விளக்கினீர்களாமே! ஒன்பது வருடமாக உங்களுக்குச் சமைக்கிறேன், எனக்கு அதைச் சொன்னதுண்டா? "உப்பு கம்மி" என்பதைத் தவிர வீட்டில் உங்கள் வாயிலிருந்து என்ன வந்திருக்கிறது? எனக்கு வயிறு எரிகிறது. மறைக்கமாட்டேன்.

உங்கள்
ஒப்துலியா

மேய்ச்சல் மலை,
ஜூலை 13

ஒப்துலியாவுக்கு,

ரொட்டியும் காலுறையும் கிடைத்தன. அவள் கேட்டாள், சொன்னேன். நீ கேட்டதே இல்லை. மாடுகள் வழுக்கி விழுந்து சாகிற இடம், அதனால் 'பென்யா மாலா', கெட்ட பாறை. இதைச் சொன்னதில் உனக்கென்ன நஷ்டம்? எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடவில்லை. செவலைக்குக் கால் வீங்கியிருக்கிறது. பழைய போர்வை ஒன்று அனுப்பு.

லியாந்த்ரோ

வால்தெசெரோ,
ஜூலை 20

அன்புள்ள லியாந்த்ரோவுக்கு,

போர்வை அனுப்பியிருக்கிறேன். உங்கள் மத்தில்தெ நேற்று நம் வீட்டுக்கே வந்தாள். நான் வேகவைத்த அவரையைத் தின்றுகொண்டே, "ஒங்க வீட்டுக்காரருக்கு இந்த மலையில தெரியாத எடமே இல்லீங்க" என்றாள். எவ்வளவு குழைவு அந்தக் குரலில்!

"அவரு சொல்லாத ஒண்ண நான் சொல்லட்டுமா?" என்றேன். ஏரிக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தைச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் உங்களுக்கு ரொட்டி கொண்டு வந்து, என் சிவப்புத் தலைக்குட்டையை அங்கே புதரில் கட்டிவைப்பேன், கண்டதும் மாடுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்றேன். நாம் இருவர் மட்டும் வைத்துக்கொண்ட பெயர் 'ஓயோ தெல் பன்யுவெலோ', தலைக்குட்டைப் பள்ளம் என்று அர்த்தத்தோடு சொல்லி எழுத வைத்தேன். அவள் முகம் விழுந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும்! ஆறு மாதத்துக்கு எனக்கு அந்தச் சந்தோஷம் போதும்.

உங்கள்
ஒப்துலியா

மேய்ச்சல் மலை,
ஜூலை 27

ஒப்துலியாவுக்கு,

போர்வை வந்தது. செவலை தேறிவிட்டது.

வியாழக்கிழமை மத்தில்தெ மறுபடி ஏறி வந்தாள். எழுதிய தாளை என் முன்னால் நீட்டி, "அந்தப் பள்ளத்துக்குப் பேரே கெடையாதுன்னு ரெண்டு தடவ சொன்னீங்களே, இதோ இருக்கே!" என்று சிரித்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை பெரிய மலையில் அந்த ஒரு பெயரைத்தான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை நீயே கொடுத்துவிட்டாய்.

இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போய்க் காட்டினேன்.

லியாந்த்ரோ