பீட்சா தட்டு ஜெயித்தது

பிட்ஸ்பர்க்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கோரா எழுதுவது. உங்கள் இடுப்புவலி தேவலையா? நான் சௌக்கியம். முழங்கால் சிராய்ப்புகூட ஆறிவிட்டது.

நெப்ராஸ்கா சமவெளியில் பறந்த உங்கள் சைக்கிள், இந்த ஊர் மேடுகளில் என்னைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஞாயிறு பந்தயத்தில், ஏறும்போது கால் தரையில் பட்டால் அடிவாரத்துக்குப் போய் மறுபடி தொடங்க வேண்டும். அதனால் உங்களைக் கேட்காமலே பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டிவிட்டேன். வேகம் குறைவு, ஆனால் மிதிக்க லேசு.

"என்ன கோரா, பீட்சா தட்டையா மாட்டியிருக்கே? இதுக்கு நடந்தே போயிடலாமே!" என்றான் கூட வேலை செய்யும் ஸ்டாஷ்.

இன்று கல் பாவிய செங்குத்துத் தெருவில், பாதியிலேயே அவன் கால் தரையைத் தொட்டது. நான் தையல் மெஷின் மாதிரி மிதித்து உச்சிக்கே போய்விட்டேன்!

"கீழே போய்ட்டு வா ராசா, காத்திருக்கேன்!" என்று கத்தினேன்.

ஒருவழியாக மேலே வந்தவன், மூச்சிரைக்க, "அந்தத் தட்டு எங்கே வாங்கினே?" என்றான்.

என் கம்பளிக் காலுறைகள் வேண்டும். தபாலில் அனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுவாருங்கள். லேசான கியர் சோம்பேறிக்குத்தான் என்பீர்கள், தெரியும். உங்களுக்காக ஒரு சைக்கிள் வாங்கி, அதிலும் தட்டு மாட்டிவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிறது,
கோரா