ஜெசிந்தாவின் சீட் உயரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, பெய்கிற உத்தேசம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு. சைக்கிள் அளவெடுக்கும் நாள்.

ஜெசிந்தா சைக்கிள்: சீட் உயரம் (பெடல் சுழலும் அச்சான கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேல்வரை) 63 செ.மீ. சீட் முனையிலிருந்து ஹேண்டில் 47. ஹேண்டில், சீட்டைவிட 2 மேலே. மாற்றம் இல்லை.

என் சைக்கிள்: 74. 54. ஹேண்டில் 3 கீழே. மாற்றம் இல்லை.

ஜெ. சைக்கிளில் மாற்றம் எங்கிருந்து வரும்? ஓட்டுகிற என் பெண்டாட்டி ஓமனில், சலாலாவில், ஆஸ்பத்திரி டியூட்டியில். வண்டி இங்கே கவரைப்பேட்டை வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். இரண்டு வருஷமாக டயர் காற்று ஒன்றுதான் இறங்குகிறது. அடித்து வைத்தேன். செயினுக்கு எண்ணெய். எதற்கு இதெல்லாம் என்று கேட்க வீட்டில் ஆளில்லை, அது ஒரு சௌகரியம்.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். அவள் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போய்வந்த காலம். முட்டிக்கு முன்னால் வலி என்றாள், சீட்டை 5 மி.மீ. ஏற்றினேன். அடுத்த வாரம் முட்டிக்குப் பின்னால் இழுக்கிறது என்றாள், 2 இறக்கினேன். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அவள் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். "கை மரத்துப் போவுது." "இப்ப பரவால்ல." "யோவ் ஸ்கேலு, நான் மனுசியா, மிஷினா?" கம்பெனியில் நான் கேஜ் ரூம் ஆள், நாள் முழுக்க அளப்பதுதான் பிழைப்பு. அதனால் அவள் வைத்த பேர் ஸ்கேலு.

அந்தக் குரல் வேண்டும் எனக்கு, இந்த வீட்டுக்குள். போனில் வருவது அதில் பாதிதான்.

செப்டம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வருகிறாளா, நீட்டிக்கிறாளா என்று இந்த மாதக் கடைசிக்குள் அங்கே சொல்லியாக வேண்டும். நான் "வா" என்று சொல்லவில்லை. அவளும் "வரட்டுமா" என்று கேட்கவில்லை. வார்டு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்களாம். அங்கே அவள் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள். இங்கே வந்தால் மறுபடியும் "சிஸ்டர், பெட்பேன் எடும்மா"தான். எந்த வாயால் "வா" என்பது?

வாங்க: பூண்டு, பிளேடு, சோப்பு. கேஸ் புக் பண்ண மறக்காதே.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. ஷிப்ட் முடிந்து நனைந்துகொண்டே வந்தேன். சிப்காட் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரிக்காரன் சேற்றை வாரி என் மேல் அடித்துவிட்டுப் போனான். விளங்கவே மாட்டான்.

ஜெ. போன். எடுத்ததுமே சிரிப்பு.

"சைக்கிள் ஒண்ணு வாங்கிகினேன்யா."

"இன்னாது?"

"சைக்கிள்யா. செகண்ட் ஹேண்டு. கடலோரமா ரோடு போட்டு வெச்சிகிறான் பாரு, அப்டியே வழுக்கிகினு போவுது. நம்ம ரோடாட்டம் குண்டும் குழியும் இல்ல. அளவு நீதான் பாத்து சொல்லணும்."

படம் அனுப்பினாள். ஒரு சுவர், அரைச் சக்கரம், அவளுடைய கட்டைவிரல். போட்டோ எடுக்க இந்த ஜென்மத்தில் வராது அவளுக்கு.

மனசு லேசாக இருக்கிறது. மறுபடி ஓட்டப்போகிறாள். அளவு நான்தான் சொல்ல வேண்டுமாம். தலை துவட்டக்கூட இல்லை, உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அவளுக்கு வெள்ளி லீவு. சாயங்காலம் வீடியோவில் அளவெடுத்தோம்.

டேப்பா அது! பிள்ளைகள் வார்டில் குழந்தைக்குத் தலை சுற்றளவு பார்க்கிற காகித டேப். "அறுவதோட முடிஞ்சி போச்சியா, மிச்சத்துக்கு இன்னா பண்றது?"

"அங்க ஒரு கோடு போட்டுக்கோ. அங்கேர்ந்து திரும்ப வெச்சி கூட்டு."

கூட்டினாள். "தொண்ணூறு."

"தொண்ணூறா? சைக்கிள் வாங்கினியா, ஒட்டகம் வாங்கினியா?"

பார்த்தால், கீழே இறங்கி நிற்கிற பெடலிலிருந்து அளந்திருக்கிறாள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தவள்! "பெடல்லேர்ந்து இல்லடி, கிராங்க் மையத்துலேர்ந்து" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூட ஒரு நிமிஷம் நின்றுபோனது.

மறுபடி எடுத்தாள். 73. அதுவும் ஒத்துவராது, அவளுக்குப் பத்து இறக்க வேண்டும். சொன்னேன். "சரி சரி" என்றாள். சீட் முனை முதல் ஹேண்டில் 55 என்றாள். எட்டு செ.மீ. கூடவா? காகித டேப், சுருங்கி வளைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் நானும் சரியாகக் கவனிக்கவில்லை. முன்நெற்றியில் நரை தெரிந்தது, போன லீவில் வந்தபோது இல்லை. டேப்பைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றைப் பிடித்துக்கொள்ள முடியாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சென்டிமீட்டர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். பெரியபாளையம் ரோட்டில் போய்த் திரும்பினேன். ஆடி ஞாயிறு என்பது அடியோடு மறந்துபோனது. வேன், டிராக்டர், ஷேர் ஆட்டோ, வேப்பிலை, மேளம். பொங்கல் பானையோடு குடும்பம் குடும்பமாக. மினி லாரியின் மேலிருந்து ஓர் அம்மா, "யோவ் ஹெல்மெட்டு, ஓரமா போயா, புள்ளைங்க எறங்குது பாரு!" ஓரம் போனேன்.

இதே ரோட்டில் ஜெ. எப்போதும் எனக்குப் பின்னால் வருவாள். எதிர்க்காற்றை நான் வாங்கிக்கொள்வேன், அவள் சுகமாகப் பேசிக்கொண்டே வருவாள். டாக்டர் திட்டியது, பேஷன்ட் பெண்டாட்டி அழுதது, கத்தரிக்காய் சொத்தை. பாதி என் காதில் விழாது, "உம்" போடுவேன்.

இன்று திரும்பும்போது ஆளே இல்லாத வயலோரம் "உம்" என்றேன். வாய்விட்டு. திரும்பியும் பார்த்தேன். பைத்தியம்தான் பிடிக்கப் போகிறது.

மதியம் தயிர்சாதம், ஊறுகாய். தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேஜ் ரூமில் என்னோடு இருக்கிற லோகுவிடம் கேன்டீனில் பெருமையடித்துக்கொண்டேன். ஜெ. சைக்கிள் வாங்கியது, டேப், ஒட்டகம், எல்லாம். சிரிப்பான் என்று பார்த்தால் அப்பளத்தைக் கீழே வைத்தான்.

"அண்ணே, தப்பா நென்சிக்காத. அட்த்த மாசம் பெட்டி கட்டி வர்றவங்க, இப்ப எதுக்குண்ணே சைக்கிள் வாங்கப் போறாங்க?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"மைக்ரான்ல தப்பு புடிக்கிற ஆளாச்சே நீ" என்றான். பிறகு அவனே, "வுடுண்ணே, நான் ஒரு கூமுட்டை" என்று எழுந்து போய்விட்டான்.

மதியம் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. ஒரே பாகத்தை நாலு தடவை அளந்தேன். வருகிறவள் சைக்கிள் வாங்குவாளா? கடலோர ரோடு, வழுக்கிக்கொண்டு போகிறது, நம்ம ரோடு மாதிரி இல்லை. எல்லாம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். என் காதில்தான் விழவில்லை. "வா" என்று சொல்ல வேண்டிய மடையன், "பத்து இறக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோபமாக வருகிறது. அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. இரண்டு சைக்கிளும் கண்ணில் படாமல் இருக்க விளக்கை அணைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனியில் கொடி ஏற்றி ஒரு லட்டு கொடுத்தார்கள். லீவு. சட்டைகள் துவைத்தேன், உலரவில்லை.

நேற்று இரண்டு தடவை அவள் போன், எடுக்கவில்லை. இன்று "வந்துடுடி" என்று டைப் பண்ணினேன். அனுப்பத் தைரியம் இல்லை. அழித்துவிட்டு "டயர் காற்று எவ்வளவு வைக்கிறாய்?" என்று அனுப்பினேன். இதற்கு நான் வாயே திறக்காமல் இருந்திருக்கலாம்.

அவள் பதில்: "உனக்கு வேற கேள்வியே இல்லியா?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழைக் குளிர். நான் சர்ச் பூசைக்குப் போய் வந்ததும் ஜெ. வீடியோவில் வந்தாள். முகம் சிடுசிடு.

"இன்னாயா, போன் பண்ணா எடுக்காம மொறைச்சிகினு கீறே?"

கேட்டே விட்டேன். "கையெழுத்து போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

 போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாண்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியாடி?"

"கேட்டா இன்னா சொல்வே? உன் இஷ்டம்பே. ரெண்டு வருசமா அதானே சொல்லிகினு கீறே? ஊட்டுக்கு வாடின்னு ஒருநாள் சொல்லிகிறியா நீ?"

"இப்ப சொல்றேன். வா. ஊட்டுக்கு வந்துடு. என்னால முடியல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீ வா."

புரியவில்லை. எழுந்து போய், போனை சைக்கிள் பக்கம் திருப்பினாள். முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். பக்கத்தில் நின்றாள். நடுக்கம்பி அவள் இடுப்புக்குக் கொஞ்சம்தான் கீழே.

"இந்தக் கம்பி எண்பது. என் உள்கால் நீளம் எழுவத்தொண்ணுன்னு நீதானே எழுதி வெச்சிகிறே? இதுல நான் எப்டியா ஏற முடியும்? எழுவத்திமூணுன்னேன், தப்புன்னே. அம்பத்தஞ்சின்னேன், டேப்பு வளைஞ்சிகிதுன்னே. அது யார் அளவுன்னு யோசிச்சியாய்யா ஸ்கேலு?"

ஹாலில் நிற்கிற என் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன்.

"கடைக்காரனுக்கு நான் பேசறது புரியல. ஊட்டுக்காரரு இவ்ளோ உசரம்னு கையத் தூக்கிக் காட்னேன். இன்சார்ஜுக்குத்தான் ஃபேமிலி விசா குடுக்கிறாங்க, அதுக்குத்தான் கையெழுத்து போட்டேன். ஒருதபா சொல்லி, அது கெடைக்காம போனா உன் மூஞ்சிய எப்டி பாக்கறது? அதான் வாய மூடிகினு இருந்தேன். வியாழக்கெழமதான் சரின்னாங்க. சொல்லலாம்னு போன் போட்டா நீ எடுத்தாத்தானே!"

 "யோசிக்கிறேன்" என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. "யோசி. ஆனா ரொம்ப அளந்துகினு ஒக்காராத" என்றாள்.

என்னைக் கேட்காமல் என் வாழ்க்கைக்கு ஒரு சைக்கிள் வாங்கிவிட்டாள். கோபப்படலாம். பதினாறு வருஷ வேலை. இந்த வீடு, கேஜ் ரூம், லோகு. அங்கே போய் நான் என்ன செய்வேன்? அவள் டியூட்டிக்குப் போனபின் யாரோடு பேசுவேன்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் சாயங்காலம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது, கையைத் தலைக்கு மேலே தூக்கி அவள் காட்டியது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ஷிப்ட். டிபன் பாக்ஸ் கட்டி, ஷூ மாட்டி, வண்டியை வெளியே எடுக்கும்போது மெசேஜ்.

"உன் சீட்டு 74 ஷூவோடயா ஷூ இல்லாமயா?"

வாசலிலேயே நின்றுவிட்டேன். என் சீட்டைக் காலுக்குச் சரிபார்த்து வைத்ததெல்லாம் ஷிப்ட் போகும்போது, அல்லது வந்த கையோடு. எப்போதும் காலில் கம்பெனி சேஃப்டி ஷூ, இரும்பு மூக்கு, இரண்டு செ.மீ. அடி. ஞாயிற்றுக்கிழமைகூட அதையே மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவன். இத்தனை வருஷமும் எழுதி வைத்த 74 என் கால் அளவில்லை. கம்பெனி ஷூவின் அளவு. அவள் அளவெல்லாம் வெறுங்காலில் சரியாக எடுத்திருக்கிறேன், என்னுடையதை ஒருநாளும் யோசிக்கவில்லை. அளக்கிறவனாம்.

வண்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து சுவரில் சாய்த்தேன். ஷூவைக் கழற்றினேன், சாக்ஸையும். ஏறி உட்கார்ந்து, வெறும் குதிகாலைப் பெடலில் வைத்தேன். எட்டவில்லை. சீட்டை இறக்கினேன். மறுபடி. இன்னும் கொஞ்சம். கால் நேராக நீண்டது.

71.8.

அனுப்பிவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்தால் லோகு, "இன்னாண்ணே, பஞ்ச் பண்ண வர்லியா?" வருகிறேன் என்றேன், ஷூவை இன்னும் மாட்டவில்லை.