பாடிக்கொண்டு போகும் படகு

மார்ச் 4

சாயங்காலம் ஆறு மணி அடித்துவிட்டால் ஆற்றில் படகு இறங்கக் கூடாது. காட்டிலிருக்கிற கெரில்லாக்கள் - காட்டுக்காரர்கள் என்போம் - போட்ட தடை. மீறினால் சுடுவார்கள். அவர்களிடம் தப்பினாலும் கீழ்ப்பக்கம் கடற்படைக் காவல் இருக்கிறது; இருட்டில் வரும் படகெல்லாம் அவர்களுக்குக் கெரில்லாப் படகுதான். சரி, பகலில் போய் ராத்திரி அங்கேயே தங்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. வேற்றூரில் படுத்து எழுந்தவளை உளவாளி என்பார்கள், இரண்டு பக்கமும். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வேறென்ன செய்ய, உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று ஊர்க்கூட்டம். அரசாங்கமும் காட்டுக்காரர்களும் சமாதானம் பேசுகிறார்களாம், இந்தத் தடவை ஜனங்களையும் கேட்டுக்கொண்டுதான் பேசுவார்களாம். ஊருக்கு ஒருவர் இஸ்த்மினா நகரத்துக்குப் போய் என்ன வேண்டுமென்று சொல்ல வேண்டும். ஊர்த்தலைவர் அரிஸ்தார்கோ கூட்டத்துக்கு வரும்போதே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ரோடு, ஆஸ்பத்திரி, கரண்ட் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். நான் எழுந்து நான் போகிறேன் என்றேன். இழவு வீட்டில் பாடுகிறவள் சமாதானத்தில் என்ன பாடப் போகிறாள் என்று ஆம்பளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களில் மூன்று பேர் போட்டிக்கு நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள். பொம்பளைகள் அத்தனை பேரும் எனக்குக் கை தூக்கினார்கள். ஒவ்வொருத்தி வீட்டுச் சாவுக்கும் பாடியிருக்கிறேன், மறப்பார்களா?

மார்ச் 9

பகலில் லாஸ் பெனியாஸுக்குப் போய் ஃபிலாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆற்றோடு கீழே ஒன்றரை மணி நேரம். என் வீட்டுக்காரர் எவெலியோதான் ஓட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசியதைவிட அவர் மோட்டார் பேசியதுதான் அதிகம்.

ஃபிலாவின் கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நெஞ்சு பலவீனமாம். அங்கே இருக்கிற சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரை கொடுத்திருக்கிறாள், முகத்தைத்தான் நேராகப் பார்க்கவில்லை. நானும் ஃபிலாவும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து அலபாவோ என்கிற இழவுப் பாட்டுப் பாடுகிறவர்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பதில் பாட வேண்டும். ஒன்பது இரவு பாடி, ஒன்பதாவது இரவு விடியும் நேரத்தில், செத்தவருக்காக வைத்த பீடத்தைக் கலைத்து உயிரை வழியனுப்புவோம். பாடவில்லையென்றால் உயிர் வீட்டை விட்டுப் போகாது. போன வருஷம் அவள் அண்ணன் செத்தபோது எந்த ஊரிலிருந்தும் ஆள் போக முடியவில்லை.

"நானே எடுத்தேன், நானே பதில் பாடினேன். பைத்தியக்காரி மாதிரி," என்றாள் இன்று.

எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. யார் முந்திக்கொண்டாலும் மற்றவள் ஒன்பதாவது இரவு வந்து பாட வேண்டும்.

"வருவியாடி?"

"வருவேன்."

"எப்படி?"

"அது என் பாடு."

"வந்தா மெதுவா பாடு. நீ பாட்டை ஓட்டுற ஓட்டத்துல செத்தவ செருப்புக்கூட மாட்ட முடியாது."

கால் வீங்கிக் கிடக்கும்போதும் அந்த வாய் அடங்கவில்லை. படகில் ஏறியபிறகுதான் அழுதேன்.

மார்ச் 10

ரோடும் ஆஸ்பத்திரியும் யாராவது கேட்பார்கள். நான் இந்த ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன்.

மார்ச் 21, இஸ்த்மினா

பள்ளிக்கூட மண்டபம் நிறையக் கூட்டம். இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மட்டும் ராத்திரி தங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் அனுமதித்திருக்கிறார்கள். தலைநகர் பொகோத்தாவிலிருந்து வந்த பிள்ளைகள் கலர் கலராய் அட்டை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு வரி. நான் கொட்டை எழுத்தில் எழுதினேன் - இரவில் இழவுக்குப் படகு விட வேண்டும். லிலியானா என்று ஒரு பெண், நல்ல பெண்தான், அதை வாங்கிப் போய்ச் சுவரில் ஒட்டினாள்.

எங்கே ஒட்டினாள் என்று போய்ப் பார்த்தால் - பண்பாடு என்ற தலைப்பின் கீழே! நடனக்குழுவுக்குச் சீருடை, திருவிழாவுக்கு மேளம், நடுவில் என் அட்டை. எனக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது. சாவுச் சடங்கு பண்பாடுதானேம்மா என்கிறாள். பண்பாட்டை எப்போது பேசுவார்கள் என்று கேட்டேன். அது கடைசித் தலைப்பாம், இரண்டு மூன்று வருஷத்தில் வந்துவிடுமாம்.

ஃபிலாவுக்கு இரண்டு மூன்று வருஷம் இருக்கிறதா?

அட்டையை உரித்து எடுத்து, சண்டை நிறுத்தம் என்று போட்ட இடத்தில் நானே ஒட்டினேன். ஒட்டியதை மாற்ற முறை கிடையாது என்றாள். அட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என் உடம்பைத் தாண்டி ஒருவர் சுவரைத் தொட முடியுமா? சாப்பாட்டு மணி அடித்தும் நகரவில்லை. கடைசியில் லிலியானாவே ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "இங்கேயே இருக்கட்டும்மா, நீங்க சாப்பிட வாங்க," என்றாள்.

மார்ச் 22, இஸ்த்மினா

இன்று இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மேஜையில். அரசாங்கத்துக்கு டாக்டர் உமான்யா. வக்கீல்தான், ஆனால் படித்தவர் யாரானாலும் இங்கே டாக்டர். காட்டுக்காரர்களுக்கு வில்மார் என்று ஒருவர், மலைப்பக்கத்து ஆள், எங்கள் ஆற்றுப் பேச்சு அவர் வாயில் வரவில்லை. ஊருக்கு மூன்று நிமிஷம்.

என் முறை வந்தது. ரோடு பத்து வருஷம் கழித்து வந்தால் காத்திருப்போம், செத்தவள் காத்திருப்பாளா என்று கேட்டேன். உங்கள் இரண்டு பேர் சண்டையில் எங்கள் பிணங்கள் பாட்டில்லாமல் போவது என்ன நியாயம் என்று கேட்டேன்.

அப்புறம் இரண்டு பேரும் பதில் சொன்னார்கள். இன்று முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒரே வார்த்தையைச் சொன்னது - ஆயுதம் கடத்துவார்கள். இழவுப் படகென்று இருட்டில் காவலுக்கு நிற்கிற பையனுக்கு எப்படித் தெரியும் என்றார் வில்மார். டாக்டரும் தலையாட்டினார்.

நான் ஒரு அலபாவோவை எடுத்தேன், அங்கேயே, மைக் இல்லாமல். ஆற்றுச் சனம் பாதி மண்டபம் இருந்தது, பதில் பாடாமல் இருப்பார்களா? சுவர் அதிர்ந்தது.

"இப்படித்தான் தெரியும்," என்றேன். "ஆயுதம் கடத்துறவன் வாயைப் பொத்திக்கிட்டுப் போவான். நாங்க முன்னாடி விளக்கு வச்சு, பாடிக்கிட்டே போவோம். பாட்டு நிக்காது. நின்னா சுடுங்க."

ஒரு மருத்துவச்சி எழுந்து நோயாளிப் படகுக்கும், சிக்கலான பிரசவத்துக்கும் அதே வழி வேண்டும் என்றாள். அதையும் சேர்க்கச் சொன்னேன். டாக்டர் உமான்யா எழுதிக்கொண்டார், வில்மாரும் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதை இவர் எட்டிப் பார்த்தார்.

நின்றால் சுடுங்க என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான். சொல்லியாச்சு.

மார்ச் 24

துறையில் ஊரே நின்றது. ஆஸ்பத்திரி எங்கே என்று அரிஸ்தார்கோ படகுக்குள் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். பாட்டுக்குப் பர்மிட் வாங்கி வந்திருக்கிறாள் என்று டோமினோ ஆடுகிற கூட்டத்துக்கு ஒரு வாரத்துக்குச் சிரிப்பு.

"பிரசவ வலியில இருக்கறவ பாடுவாளா நிமியா?" என்றார் அரிஸ்தார்கோ.

"கூடப் போற நீர் பாடும்."

ஏப்ரல் 17

சேதி இல்லை. ரேடியோவில் பேச்சுவார்த்தை "நல்ல சூழலில்" நடக்கிறதாம். எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

மே 3

வந்துவிட்டது! காலைச் செய்தியில் வாசித்தார்கள். ஜனங்களின் சிரமம் குறைக்க முதல் கட்ட ஏற்பாடுகள் என்று நாலைந்து. மூன்றாவது நம்முடையது. துக்கத்துக்கும் நோய்க்கும் இரவில் போகும் படகுகளை, முன்விளக்கும் பாட்டும் இருந்தால், இரு தரப்பும் தடுக்கக் கூடாது. ஜூன் ஒன்றாம் தேதி இரவிலிருந்து.

அரிஸ்தார்கோ வீட்டு வாசல் வழியாக இரண்டு தடவை நடந்தேன். எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

ஃபிலாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன் - ஜூன் வரைக்கும் இருடி.

மே 19

ஃபிலா போய்விட்டாள். விடியற்காலையில்.

மே 20

பகலில் அடக்கம். போய்விட்டு ஆறு மணிக்குள் திரும்பிவிட்டேன். இன்றிரவு ஆரம்பித்தால் ஒன்பதாவது இரவு இருபத்தெட்டாம் தேதி வரும். தடை தளர்வது ஜூன் ஒன்று. வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான்.

மூணு மாசம் இழுத்துக்கிட்டு கிடந்தியே, இன்னும் நாலு நாள் முடியலையாடி உனக்கு?

மே 21

மறுபடியும் லாஸ் பெனியாஸ். ஃபிலாவின் மகள் யாமிலேத்தைத் தனியே கூப்பிட்டேன். நேற்றிரவு இரண்டு பேர்தான் வந்தார்களாம், பாதியில் நின்றுவிட்டதாம். அதைக் கணக்கில் சேர்க்காதே, இருபத்து நாலாம் தேதி முதல் இரவு என்று வைத்துக்கொள், ஒன்பதாவது ஜூன் ஒன்றில் விழும், நான் வந்து அனுப்பி வைக்கிறேன் என்றேன்.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா உயிர் அதுவரைக்கும் தவிக்காதா?"

"உங்கம்மா என்னை அவசரக்காரி அவசரக்காரின்னு ஆயுசு முழுக்கச் சொன்னா. இப்ப அவ கொஞ்சம் பொறுக்கட்டும்."

சிரித்தாள், அப்புறம் என் தோளில் விழுந்து அழுதாள். சரி என்றாள்.

செத்தவளைக் காக்க வைப்பது என்ன சாதாரண காரியமா? இதுவரை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. வராமல் போனேன் என்றால் எனக்கு இந்த ஆற்றில் முகமே கிடையாது.

மே 31

எவெலியோ சாயங்காலம் முழுக்க மோட்டாரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரேடியோவில் சொன்னது கரையில் காவல் நிற்கிற பையனுக்குத் தெரியுமா?

தெரிந்திருக்கும் என்றேன்.

பயமா? ஆமாம், பயம்தான். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 2

நேற்று நாங்கள் ஐந்து பொம்பளைகள், எவெலியோ, முன்னால் பெட்ரோமாக்ஸ். ஏழு மணிக்குத் துறையிலிருந்தே பாட்டை எடுத்தேன். எவெலியோ மோட்டாரைக் கிளப்பினார். அவ்வளவுதான் - என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இஸ்த்மினாவில் அத்தனை பேர் முன்னால் மார்தட்டிப் பேசினேனே, மோட்டார் சத்தம் ஞாபகத்துக்கு வந்ததா? எனக்கும் வரவில்லை, இரண்டு பக்கத்துக்கும் வரவில்லை, ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் வரவில்லை. இந்தச் சத்தத்தோடு போனால் கரையிலிருப்பவனுக்கு நாங்கள் வெறும் மோட்டார் படகு. எவெலியோ என் முகத்தைப் பார்த்தார். மோட்டாரை அணைத்துத் தூக்கிவைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். ஆறு கொண்டுபோகிற வேகத்தில்தான் போனோம். ஒன்றரை மணி நேர வழி நாலு மணி நேரம். அவ்வளவு நேரம் நிறுத்தாமல் பாட வேண்டும். என் ஓட்டத்தில் பாடினால் முதல் வளைவிலேயே தொண்டை கட்டிவிடும். மெதுவாக எடுத்தேன். இழுத்து, மூச்சு வாங்கி, ஃபிலா பாடுகிற மாதிரி.

காட்டுக்காரர்களின் கரை வந்தது. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. யாரது என்றான் ஒருவன். பதில் சொல்ல முடியாது, பாட்டு நிற்கக் கூடாது. பாடிக்கொண்டே இருந்தோம். பக்கத்தில் இருந்தவள் என் கையை நசுக்கிவிட்டாள். துப்பாக்கியை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தேன்.

கரையிலிருந்து பதில் வந்தது. ஒற்றைக் குரல், சின்னப் பையன் குரல். எங்கள் ஆற்றுப் பிள்ளைதான், எந்தத் தாய் பெற்றதோ. ராகம் தப்பு. இறக்க வேண்டிய இடத்தில் ஏற்றிவிட்டான். எனக்குப் பொறுக்குமா? திட்டவும் வழியில்லை. அதே அடியை மறுபடியும், இன்னும் மெதுவாக எடுத்தேன். இரண்டாம் தடவை சரியாக இறக்கினான். டார்ச்சும் இறங்கியது.

கடற்படைக் காவலில் பதில் பாட யாருமில்லை. எல்லாரும் வெளியூர்ப் பையன்கள். பெரிய விளக்கைத் திருப்பி, வளைவு வரைக்கும் எங்களுக்கு முன்னால் தண்ணீரில் வெளிச்சம் காட்டினார்கள்.

பதினோரு மணிக்கு லாஸ் பெனியாஸ். ஊரே கரையில் நின்றிருந்தது. ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றாள் யாமிலேத். விடியும் வரை பாடி, பீடத்தைக் கலைத்து, கதவைத் திறந்துவிட்டு, ஃபிலாவை அனுப்பி வைத்தேன். அவசரப்படவில்லை. செருப்பு மாட்டிக்கொள்ள நேரம் கொடுத்தேன்.

ஜூன் 14

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் இருக்கும், துறைப் பக்கம் ஒரே சந்தடி. அரிஸ்தார்கோவின் மருமகளுக்கு வலி கண்டிருக்கிறது, குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், லாஸ் பெனியாஸ் நர்ஸிடம் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். நான் ஓடிப் போவதற்குள் படகைத் தள்ளிவிட்டார்கள். முன்னால் விளக்கு. மகன் துடுப்புப் போடுகிறான். அரிஸ்தார்கோ எழுந்து நின்று பாடுகிறார்! பிரசவத்துக்கு இழவுப் பாட்டு ஆகாது என்று கிறிஸ்துமஸ் பாட்டு, ஜூன் மாசத்தில். பயத்தில் பாட்டைக் குதிரை மாதிரி ஓட்டுகிறார், பதில் பாடுகிற அவர் சம்சாரம் மூச்சு வாங்குகிறாள்.

தண்ணீரில் இறங்கிக் கத்தினேன். "மெதுவாய்யா! இப்படி ஓட்டினா பாதியிலேயே நின்னுடும், மெதுவா பாடும்!"

யார் பேச்சு இது என்று அப்புறம்தான் உறைத்தது.

அவருக்குக் கேட்டிருக்கிறது. பாட்டு நிதானத்துக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டேன். வளைவு தாண்டும் வரை பாட்டு நிற்கவில்லை.