உள்ளயும் பளபளன்னு ஒரு தொட்டி

அடியேய்,

நம்ம போன்சாய் அத்தி சாகலடி, உயிரோட இருக்கு, இருக்கு, இருக்கு!

ஆனா நான் வாங்கின அந்த இம்போர்ட்டட் தொட்டி இருக்கே, ச்சீ! இலையெல்லாம் கொட்டுதேன்னு இன்னிக்கு மரத்தை வெளியில எடுத்தேன். சாக்கடை நாத்தம். பாதி வேர் கொழகொழன்னு கையோட வந்துச்சு. வெளியில மட்டும் பூச வேண்டிய கண்ணாடிப் பூச்சை உள்ளயும் வழிச்சு விட்டிருக்கானுங்க. தண்ணி போற ஓட்டையே பாதி அடைச்சிருக்கு. கடைக்காரன்கிட்ட கேட்டா, "உள்ளயும் பளபளன்னு இருந்தாதான் மேடம் பிரீமியம்"ங்கறான். த்தூ!

அன்னிக்கு நான் லைவ்ல இந்தத் தொட்டியைப் பிரிச்சுக் காட்டினப்ப, "உள்ள விரல விட்டுப் பாருடி, சொரசொரன்னு இருக்கணும்"னு நீ கமெண்ட் போட்ட. அதுக்குப் போய் உன்னை பிளாக் பண்ணினேன்.

இப்ப அன்பிளாக் பண்ணிட்டேன். ஆனா மெசேஜ் போட கை வரல. அதான் பேப்பர்ல எழுதி உன் பட்டறைக் கதவுக்கு அடியில தள்ளுறேன்.

அழுகினதை வெட்டிட்டு மிச்ச வேரை ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன். இதுக்குன்னு நீ செஞ்ச தொட்டியைத் தூக்கிட்டு வா. கோவத்தையும் வேணா சேத்தே எடுத்துட்டு வா. துணி காயறதுக்குள்ள வாடி.

இப்படிக்கு,
நீ செஞ்ச தொட்டியைப் போய் சோப்பு டப்பான்னு சொன்னவ