முப்பத்தாறாம் படம்

மார்ச் 3, செவ்வாய்
லிஃப்ட் பழுதுபார்ப்போருக்கான கையேடு. நாற்பத்தோரு படங்கள். வரைபவர் லிஃப்ட் கம்பெனியின் ஆள், எழுத்தே இல்லாமல் அனுப்புவார். பாகங்களுக்குப் பெயரும் அம்புக்குறியும் வைப்பது என் பாடு. இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று எண் கொடுத்துக் கொடுத்துக் கண் பூத்துவிட்டது. ஆபீசில் என்ன வேலை என்று தங்கை கேட்டாள். பேர் வைக்கிறேன் என்றேன். "யார் வீட்டுக் குழந்தைக்கு?" என்கிறாள்.

மார்ச் 9, திங்கள்
பக்கம் குறைய வேண்டுமாம். படங்களையெல்லாம் சுருக்கச் சொல்லிவிட்டார் மேலாளர். படம் சுருங்கியது, எழுத்து இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஒரு பெயரும் அதனதன் பாகத்தில் இல்லை. மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 12, வியாழன்
எல்லாவற்றையும் நகர்த்தியாயிற்று. முப்பது படம்தான் சரிபார்த்தேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி
மதியமே வேண்டும் என்று மேலாளர் தலைமேல் வந்து நின்றார். மிச்சம் பதினொன்றையும் பார்க்காமலே கொடுத்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி
அச்சாகி வந்துவிட்டது. சும்மா புரட்டினேன். முப்பத்தாறாம் படம். 'பூட்டும் கைப்பிடி' என்ற பெயரின் அம்பு, பிரேக்கை விடுவிக்கும் கைப்பிடியில் போய் நிற்கிறது. பூட்டுகிறோம் என்று நினைத்து ஒருவன் அதை இழுத்தால்? லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இன்னொருவன் நின்றுகொண்டிருந்தால்?
யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு
என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே என்றாள் தங்கை. சொன்னேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "வேலை போனா பார்த்துக்கலாம்" என்றாள்.

மார்ச் 23, திங்கள்
மேலாளரிடம் சொன்னேன். புத்தகம் லிஃப்ட் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி கிளற வேண்டாம் என்றார். என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். வரைபவருக்கு நானே போன் போட்டேன். அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.
"நாளைக்கு இதை வெச்சுத்தாம்மா ஆளுங்களுக்குப் பயிற்சி. நான் நிறுத்தச் சொல்றேன்."
கழிவறையில் போய் அழுதேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 26, வியாழன்
புத்தகங்கள் திரும்பி வந்தன. திருத்தச் சீட்டு ஒட்டுகிறோம். மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படவேலை இனி எனக்கில்லையாம், அட்டவணைகள் மட்டும்.

ஏப்ரல் 8, புதன்
அடுத்த கையேடு. ஐம்பத்திரண்டு படங்கள். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் என்னைத்தான் செய்யச் சொன்னார்களாம். படங்களை என் மேசையில் வைத்த மேலாளர் நகராமல் நின்றார்.
"எத்தனை நாள் ஆகும்?"
இந்த ஆறு வருடத்தில் இப்படி அவர் கேட்டதே இல்லை. வேலைக்குப் பன்னிரண்டு, சரிபார்க்க இரண்டு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.