கணவாய்த் தலைவியின் கோணல் சிரிப்பு

அண்ணி,

இன்று காலை கடை திறக்கப் போகும் வழியில், கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பழக்கடையில் பச்சை ஆப்பிள் ஒன்றை அறுத்து வைத்திருந்தார்கள். அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் கால் அப்படியே நின்றுவிட்டது. "இன்னாக்கா, ஒரு கிலோ போடட்டா?" என்று கடைக்காரர் கேட்டார். "போடுங்க" என்றேன். வாங்கி வந்து தையல் மெஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தைக்க வேண்டிய ரவிக்கைகள் ஒரு குவியல் கிடக்கிறது. கிடக்கட்டும் என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சென்னைக்குப் போகும்போதெல்லாம் பேருந்திலேயே இதைத் துண்டு போட்டு டப்பாவில் அடைத்துக்கொள்வீர்கள். மைக் முன்னால் நிற்பதற்குச் சற்று முன் ஒரு துண்டு. உதடும் நாக்கும் ஒட்டிப் பிரியும் சத்தம்கூட அந்த மைக்கில் விழுந்துவிடுமாம். புளிப்பு பட்டால் அந்தச் சத்தம் வராதாம். மிச்சமெல்லாம் எனக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் அதைத் தின்றுகொண்டே நீங்கள் குரலால் போர் செய்வதைப் பார்ப்பேன்.

உங்களை நான் முதலில் பார்த்ததும் ஒரு மைக் முன்னால்தான். திருக்கோவிலூரில் திருவிழா நாடகம். களமருதூரிலிருந்து அண்ணன் என்னையும் அழைத்துப் போயிருந்தார். பாதி நாடகத்தில் மைக் செத்துப்போனது. கூட நடித்தவர்கள் விழித்துக்கொண்டு நிற்க, நீங்கள் மேடையின் முன்விளிம்புக்கு வந்து வசனத்தைத் தொடர்ந்தீர்கள். தெருக்கோடியில் வளையல் கடை போட்டிருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். கல்வராயன் மலையில் சாமை விதைக்கிற வீட்டில் பிறந்தவர் நீங்கள். எதிர்ச் சரிவில் களையெடுக்கும் அம்மாவை இந்தச் சரிவிலிருந்து கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. அதன்மேல் நாடகக் குழுவின் பயிற்சியும் சேர்ந்திருந்தது. அறுப்பு முடிந்ததும் அண்ணன் மலையேறிப் போய்ப் பெண் கேட்டுவிட்டார். கல்யாணம் ஆனாலும் நாடகத்தை விடமாட்டேன் என்று நீங்கள் சொன்னதற்கு, விடச் சொல்லி யார் கேட்டார்கள் என்றாராம். அந்தப் பேச்சை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

பிறகு அந்தக் காலைப்பொழுது வந்தது. வாய் கொப்பளித்தீர்கள், தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டீர்கள், அந்தச் சிரிப்பு பாதி முகத்தில்தான் இருந்தது. முகவாதம் என்றார் டாக்டர். மாத்திரை, மின்சார சிகிச்சை எல்லாம் பார்த்தோம். கண் மூட வந்தது, சோறு தின்ன வந்தது. வலது கன்னமும் உதட்டோரமும் மட்டும் திரும்பவே இல்லை. நாடகக் குழுவில் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். உங்கள் வேஷத்தை வேறு பெண் கட்டினாள். ஓய்வு முடிந்துவிட்டதென்று சொல்ல யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு வெளியே கிளம்பினால் முந்தானையை வாயருகே பிடித்துக்கொள்வது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அந்தக் கையை எடுக்கமாட்டீர்கள்.

குழுவில் உங்களோடு கோமாளி வேஷம் கட்டியவர் அப்போது சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் போன் செய்தார். தமிழில் வீடியோ கேம் செய்கிறார்கள், பெண் குரல் வேண்டும், நாளெல்லாம் கத்தினாலும் தொண்டை கட்டாத ஆள் தேவை என்றார். முகம் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டீர்கள். தெரியாது என்றார். அதைக் கேட்டதும் உங்கள் உடம்பு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் உதடு சேர்ந்தால்தானே ‘ப’ வரும், ‘ம’ வரும். உங்களுக்கு அவை காற்றாகப் போய்க்கொண்டிருந்தன. பம்பு செட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மோட்டார் சத்தத்துக்கு மேலே பப்பாளி, பம்பரம், மாமரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். விரலால் உதட்டைப் பிடித்துச் சொன்னீர்கள், பிறகு விரலை எடுத்துவிட்டுச் சொன்னீர்கள். ‘ப’ பிடிபட்டதும் குரலில் சாகப் பழகினீர்கள். அம்பு பட்டுச் சாவது, பள்ளத்தில் விழுந்து சாவது, மூச்சு முட்டிச் சாவது. நீங்கள் பள்ளத்தில் விழுந்த அன்று பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பாம்பு கடித்துவிட்டதென்று கழியோடு ஓடிவந்துவிட்டார்கள். "ஒண்ணுமில்லீங்க, வேலைக்குப் பழகிக்கினு இருக்கேன்" என்றீர்கள். கத்துவதற்குக்கூடச் சம்பளமா என்று ஊரில் ஒரு மாதம் அதே பேச்சு.

அண்ணனால் நாற்று நடவை விட்டு வரமுடியவில்லை. அதனால் சென்னைக்கு நான் துணைக்கு வந்தேன். நாலு சுவரிலும் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. சலசலக்கும் என்று பட்டுப்புடவை வேண்டாம் என்றார்கள், வளையலைக் கழற்றச் சொன்னார்கள், ஏசியையும் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் முதல் வசனத்தைப் பேசியதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த பையன் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இயக்குநர் ஓர் இளம்பெண். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, இங்க கடைசி வரிசைன்னு ஒண்ணு கிடையாது. விளையாடுறவங்க காதுக்குள்ளதான் நீங்க இருக்கீங்க" என்றார்.

ஊர் முழுக்கக் கேட்கப் பேசியவருக்கு ஒரே ஒரு காதுக்குப் பேசுவது பெரிய பாடாக இருந்தது. முதல் நாள் அது வரவேயில்லை. தங்கியிருந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டு என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னீர்கள். பின்னால் நின்று மெதுவாகப் பேசினீர்கள். எந்த வரியில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறதோ அந்த வரியில் கையைத் தூக்கச் சொன்னீர்கள். வெகுநேரம் நான் கையைத் தூக்கவேயில்லை. பிறகு "நான் இங்கதான் நிக்கிறேன், நீ போ" என்ற ஒரு சாதாரண வரிக்குத் தூக்கினேன். மறுநாள் அந்த வரியை ஒரே தடவையில் முடித்துக்கொடுத்தீர்கள்.

முதல் கேமில் பேர் இல்லாத சிப்பாய்ப் பெண். அடுத்ததில் ஒரு சூனியக்காரி, ஒரு படகோட்டி, ஒரு தாய், மூன்றும் நீங்களே. மூவரும் ஒரே ஆள் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. அதற்கடுத்து வந்ததுதான் மலைக்கணவாயைக் காக்கும் தலைவி. கதை முழுக்க வரும் பாத்திரம். வசனங்களைப் படித்துவிட்டு, எதிர் மலையில் இருக்கும் தன் ஆட்களை அவள் கூப்பிடும் இடத்தில் உங்கள் ஊர்க் கூப்பாட்டையே போட்டுக்காட்டினீர்கள். அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. அந்தக் கேமுக்கு முகமும் வேண்டும். நடிப்பவர் தலையில் ஒரு வளையத்தை மாட்டி, அதிலிருந்து நீளும் கேமராவை முகத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள். அவர் முகம் எப்படி அசைகிறதோ அப்படியே பாத்திரத்தின் முகமும் அசையும். இயக்குநர் தயங்கித் தயங்கிச் சொன்னார். குரல் உங்களுடையது, முகத்துக்கு மட்டும் வேறு பெண்ணை வைத்துக்கொள்கிறோம், தப்பாக நினைக்கக்கூடாது என்றார். நீங்கள் சரியென்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தீர்கள். மாடிப்படியில் உட்கார்ந்தோம். நாடகக் குழு உங்களைக் கூப்பிடாமல் விட்டபோதுகூட நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதீர்கள். நான் உங்கள் முதுகில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

"அந்தத் தலைவி எத்தினி வருசமா சண்ட போட்டுக்கினு இருக்கா?" என்று கேட்டீர்கள்.

சின்ன வயசிலிருந்தே என்றார் இயக்குநர்.

"அத்தினி வருசம் சண்ட போட்டவ மூஞ்சி நேராவா இருக்கும், மேடம்?"

சொல்லிவிட்டு முந்தானையைப் பிடித்திருந்த கையைக் கீழே விட்டீர்கள். எங்களுக்காக ஒருமுறை சிரித்தீர்கள். இடது பக்கம் மேலே ஏற, வலது பக்கம் அசையாமல் நின்றது. இயக்குநர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு வளையத்தை எடுத்துவரச் சொன்னார்.

கேம் வெளியானதும் எங்கள் தையல் கடையில் வேலை ஓடவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டினேன். கணவாயில் ஈட்டியோடு நிற்கும் தலைவி, எதிரி வந்ததும் ஒருபக்கமாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கே எதிரி ஓர் அடி பின்வாங்குகிறான். முகம் தெரியாத பிள்ளைகள் அந்தச் சிரிப்பைச் சிரித்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினார்கள். மலையில் உங்கள் ஊரில் டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே போனில் பார்த்தார்களாம். அண்ணனுக்கு விளையாடத் தெரியாது. தெரிந்தவர்களைக் கொண்டு நீங்கள் நிற்கும் இடம்வரை வரவைத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு சும்மா பார்ப்பார். அந்த வருடம் சங்கராபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் இரண்டு கையாலும் பந்தி பரிமாறினீர்கள். அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதன்பின் கம்பெனியில் ஒரு யோசனை சொன்னார்கள். உங்கள் குரலைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டால் அதுவே பேசிக்கொள்ளும், நீங்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றார்கள். முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டீர்கள். திரும்பி வரும் பேருந்தில், உளுந்தூர்பேட்டை தாண்டிய பிறகு, தூங்குகிறீர்கள் என்று நான் நினைத்தபோது சொன்னீர்கள்: "ஒரு ‘ப’ சொல்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், செல்வி. நான் பேசாதத நான் பேசுனதா ஆக்கக்கூடாது."

போன மார்கழியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. கேமின் அடுத்த பாகம் பாதியில் நிற்கிறது, தலைவியின் குரலை மட்டும் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாமா, அவரை மறக்காமல் இருக்க இதுவும் ஒரு வழி என்றார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். நான் யாரிடமும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். உங்களுக்கே தெரியும், ரவிக்கை அளவு தப்பென்று சண்டைக்கு வருபவர்களிடம்கூடத் தலையாட்டிவிட்டுப் பிரித்துத் தைத்துக் கொடுப்பேன்.

"வேணாங்க. அவங்க பேசாதத அவங்க பேசுனதா ஆக்காதீங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அந்த இயக்குநர்தான் பேசினார். அக்காவே சொல்வதுபோல் இருக்கிறது, அப்படியே செய்வோம் என்றார்.

போன வாரம் புதுப் பாகம் வந்தது, அண்ணி. அண்ணனும் நானும் சேர்ந்து பார்த்தோம். கணவாயில் தலைவி நிற்கிறாள். கூட இருக்கும் எல்லாரும் பேசுகிறார்கள், அவள் மட்டும் பேசவில்லை. அவள் இடத்தில் வேறு குரலும் வைக்கவில்லை. விளையாடுபவர் அவள் முன்னால் வந்து நின்றால், நீங்கள் முன்பு சிரித்துக் கொடுத்த அதே ஒருபக்கச் சிரிப்பைச் சிரிக்கிறாள், ஒதுங்கி வழி விடுகிறாள். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஏன் பேசவில்லை என்று பிள்ளைகள் கேட்டதற்கு, அவளாகப் பேசியவர் இப்போது இல்லை, அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறோம் என்று கம்பெனியில் எழுதியிருக்கிறார்கள்.

அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ சொன்னதுதான் சரி" என்றார். அந்த வீட்டில் ஒரு முடிவை நான் சொல்லி நடந்தது அதுதான் முதல் தடவை. போனில் அன்று நான் கத்தவில்லை, குரல் நடுங்கவும் இல்லை. மறுமுனையில் இருந்த ஒருவர் காதுக்கு மட்டும் சொன்னேன், அது போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எதற்கும் சும்மா தலையாட்டிவிட என்னால் முடியவில்லை, அண்ணி.